தஞ்சோங் பகாரில் ஒரு செங்கல் சூளை

தஞ்சோங் பகார் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து வெளியே வருபவர்கள் அண்ணாந்து பார்க்காமல் நகர்வதில்லை. நிலையத்தின் தலைக்கு மேலேயே 290 மீட்டர் உயரத்துக்குக் குவோக்கோ கோபுரம் எழுந்து நிற்கிறது. சுற்றிலும் வங்கிகள், கப்பல் நிறுவனங்கள், காப்புறுதி நிறுவனங்கள் எனக் கண்ணாடிக் கட்டடங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் இவற்றில் எதுவும் இல்லை. மலாய் மொழியில் ‘தஞ்சோங்’ என்றால் கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனை; ‘பகார்’ என்றால் வேலி. மீனவர்கள் வாழ்ந்த அந்தக் கடலோரத்தில் ஒரு தமிழர் செங்கல் சூளை ஒன்றை நிறுவினார். அவர் பெயர் நாராயண பிள்ளை. சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்ததாரர் என்று அவரை வரலாறு குறிப்பிடுகிறது.

அவர் இங்கு வந்து சேர்ந்தது 1819ஆம் ஆண்டில். அவ்வாண்டு பிப்ரவரி 6ஆம் தேதி சுல்தான் ஹுசேனுடனும் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானுடனும் ஸ்டாம்ஃபோர்ட் இராஃபிள்ஸ் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி, கிழக்கிந்தியக் கம்பெனி சிங்கப்பூரில் ஒரு வணிக நிலையத்தை அமைத்தது. அதன் பொறுப்பை ஃபார்குவாரிடம் ஒப்படைத்துவிட்டு இராஃபிள்ஸ் கிளம்பிப் போனார். மே மாத இறுதியில் ‘இந்தியானா’ என்ற கப்பலில் அவர் மீண்டும் வந்தபோது, பினாங்கில் வாழ்ந்துவந்த நாராயண பிள்ளையும் உடன் வந்தார்.

பினாங்கு அப்போது புதிய ஊர் அன்று. 1786இலேயே கம்பெனியின் கைக்கு வந்துவிட்ட தீவு அது. அங்கே கடைத்தெருக்கள் இருந்தன. தமிழ் வணிகர்களும் பலர் இருந்தனர். எல்லாம் இருக்கும் ஊரில் புதிதாகத் தொழில் தொடங்குபவர், முன்பே காலூன்றியவர்களை முண்டியடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். சிங்கப்பூரிலோ சேறும் காடும் சில நூறு மனிதர்களும் மட்டுமே. ஒன்றுமில்லாத ஊரில் போட்டியும் இல்லை.

ஆனால், அந்த ஊரிடம் வேறொரு செல்வம் இருந்தது. இங்கே இறங்கும் சரக்குக்குச் சுங்கவரி கிடையாது. டச்சுக்காரர்களின் துறைமுகங்களில் வரி கட்டிச் சலித்திருந்த வணிகர்களுக்கு இது பெரிய செய்தி. இன்னொரு காரணமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி என்பது 1600ஆம் ஆண்டில் இலண்டன் வணிகர்கள் பங்குப் பணம் போட்டுத் தொடங்கிய நிறுவனம். இந்தியாவோடு வணிகம் செய்யும் உரிமை பிரிட்டிஷாரில் அதற்கு மட்டுமே இருந்தது. அந்தத் தனியுரிமையை 1813இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நீக்கியது. அதன் பிறகு, தனி வணிகர்களின் கப்பல்கள் கீழைக் கடல்களுக்குத் துணிந்து வரத் தொடங்கின. சிங்கப்பூர் பிறந்தது அந்தப் போட்டி சூடு பிடித்திருந்த நேரத்தில்.

கப்பலைவிட்டு இறங்கிய நாராயண பிள்ளை கண்டது என்ன? நாளுக்கு நாள் ஆட்கள் வந்து குவிகிறார்கள். ஆனால், குடியிருக்க வீடில்லை. மரக்கம்பு நட்டு, அத்தாப்பு ஓலை வேய்ந்து அவசர அவசரமாகக் குடிசை போட்டுக்கொள்கிறார்கள். சரக்குகளும் ஓலைக் கொட்டகைகளில்தான் கிடக்கின்றன. ஒரு பொறி பறந்தால் போதும், தெருவே சாம்பலாகிவிடும். இந்த ஊர் நிலைக்குமானால் இதற்குச் செங்கல் வேண்டும் என்பதை உணர்ந்துகொள்ள அவருக்கு அதிக நாள் பிடிக்கவில்லை.

செங்கல்லின் வணிகத்தில் ஒரு நுட்பம் உண்டு. துணியோ மிளகோ எடை குறைவு, விலை அதிகம். எத்தனை தூரம் கப்பலில் கொண்டு வந்தாலும் இலாபம் மிஞ்சும். செங்கல் அப்படியன்று. ஒரு கல்லின் விலை சொற்பம். எடையோ கையை இழுக்கும். பினாங்கிலிருந்தோ மலாக்காவிலிருந்தோ ஏற்றி வந்தால் கல்லின் விலையைக் கப்பல் கூலி விழுங்கிவிடும். ஆகவே, கட்டடம் எழும் ஊரிலேயே சூளை போடுபவரை வெளியூர்க்காரர் எளிதில் வெல்ல முடியாது. தஞ்சோங் பகாரில் சூளை மூட்டியவருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

சூளை வேலை சாதாரணமானதன்று. களிமண்ணைத் தோண்டி, நீர்விட்டுக் காலால் மிதித்துப் பதமாக்க வேண்டும். மர அச்சில் அடித்து, வெயிலில் உலர்த்த வேண்டும். நினைத்த நேரத்தில் மழை கொட்டும் இந்தத் தீவில், காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டால் பச்சைக் கல் மீண்டும் மண்ணாகிவிடும். தப்பிப் பிழைத்த கற்களை இடைவெளிவிட்டு அடுக்கி, விறகு வைத்து, நாள்கணக்கில் எரிக்க வேண்டும். இதற்குத் தேர்ந்த ஆள்கள் தேவை. நாராயண பிள்ளை பினாங்கில் இருந்த தம் நண்பர்களுக்குச் செய்தி அனுப்பினார். கொத்தனார்கள், தச்சர்கள், துணி வணிகர்கள் ஆகியோரை வரவழைத்தார். கல்லை விற்பதோடு நில்லாமல், அந்தக் கல்லைக்கொண்டு வீடுகளைக் கட்டிக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றார். மண், சூளை, கொத்தனார், தச்சர் எல்லாம் ஒருவர் பொறுப்பில் இருந்ததால், வீடு கட்ட விரும்பியவர் நான்கு பேரிடம் அலைய வேண்டியதில்லை.

அவர் அழைத்தவர்களின் பட்டியலில் துணி வணிகர்களும் இருந்ததைக் கவனிக்க வேண்டும். அடுத்த தொழிலுக்கான விதையை அவர் முதலிலேயே போட்டுவைத்திருந்தார் என்றே தோன்றுகிறது.

விரைவில் கிராஸ் ஸ்திரீட்டில் பருத்தித் துணிக் கடை ஒன்றைத் திறந்தார். அக்காலத்தில் தென்கிழக்காசிய வணிகத்தில் துணி என்பது ஏறத்தாழ நாணயத்துக்குச் சமம். சுலாவேசியிலிருந்து வரும் புகிஸ் வணிகர்கள் தங்கள் சரக்குகளைக் கொடுத்துவிட்டுத் துணியை வாங்கிச் செல்வார்கள். சீனாவின் பாய்மரக் கப்பல்கள் வடகிழக்குப் பருவக்காற்றில் வந்து, தென்மேற்குப் பருவக்காற்றில் திரும்பும். காற்று மாறும்போது சந்தையும் மாறும். கப்பல்கள் வந்திறங்கும் மாதங்களில் கையில் சரக்கு இருப்பவர் விற்பார்; இல்லாதவர் அடுத்த காற்றுவரை காத்திருக்க வேண்டியதுதான். நாராயண பிள்ளையின் கடையில் சரக்கு இருந்தது. ஊரிலேயே பெரிய துணிக்கடை என்று பெயர் பெறும் அளவுக்கு அது வளர்ந்தது.

அத்தனை சரக்கை வாங்க அவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் வணிக நிறுவனங்களிடமிருந்து கடனுக்குத்தான் வந்தது. அந்நாளைய சிங்கப்பூர் வணிகம் நடந்த முறையே அது. இங்கிலாந்தின் ஆலைகளில் நெய்த துணி, இங்குள்ள பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு வந்து சேரும். அந்த நிறுவனத்தாருக்குப் புகிஸ் மொழியும் தெரியாது, தெருக்கடைக்காரரின் நாணயமும் தெரியாது. எனவே, சந்தையை அறிந்த தமிழ், சீன வணிகர்களிடம் தவணைக்குச் சரக்கைக் கொடுப்பார்கள். அவர்கள் விற்றுப் பணத்தைத் திருப்பித் தருவார்கள். இங்கிலாந்து ஆலைக்காரருக்குச் சிங்கப்பூர் நிறுவனமும், சிங்கப்பூர் நிறுவனத்திற்கு நாராயண பிள்ளையும் கடனாளி. அவருக்கு இன்னும் எத்தனையோ சில்லறை வணிகர்கள் கடனாளிகளாக இருந்திருப்பார்கள். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் நம்பிக்கையால் பற்றவைக்கப்பட்டது.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ஒரு தொழிலைப் பல வகைகளில் நடத்தலாம். ஒருவரே முதல் போட்டு நடத்துவது தனியுரிமைத் தொழில். இருவர் மூவர் சேர்ந்து நடத்துவது கூட்டுத் தொழில். பலர் பங்கு வாங்கி நடத்துவது பங்கு நிறுவனம். நாராயண பிள்ளை வந்த அதே 1819இல் மலாக்காவிலிருந்து வந்து காய்கறி விற்ற தான் தோக் செங், பின்னாளில் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேய வணிகரோடு கூட்டுச் சேர்ந்து பெருஞ்செல்வர் ஆனார். நாராயண பிள்ளையின் தொழிலோ அவர் ஒருவர் பெயரில் நடந்தது. தனியுரிமைத் தொழிலில் இலாபம் முழுவதும் ஒருவருக்கே சேரும். யாரையும் கேட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆனால், நட்டமும் முழுவதும் அந்த ஒருவருக்கே. கடையின் கடன் என்றும் வீட்டின் கடன் என்றும் பிரித்துப் பார்க்க வழியில்லை. முதலீட்டை மட்டும் இழந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வாய்ப்பைப் பங்குதாரர்களுக்கு வழங்கும் வரையறுத்த பொறுப்புச் சட்டம், இங்கிலாந்திலேயே 1855இல்தான் வந்தது.

1822ஆம் ஆண்டில் கிராஸ் ஸ்திரீட் கடை தீப்பற்றி எரிந்தது.

ஊருக்கே செங்கல் சுட்டுக் கொடுத்தவரின் கடை நெருப்புக்கு இரையானது. பருத்தித் துணி எரிவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? மூன்று ஆண்டு உழைப்பு சாம்பலானது. எரிந்துபோன துணிக்குரிய கடன் மட்டும் எரியாமல் அப்படியே இருந்தது. விற்பதற்குச் சரக்கில்லை, சரக்கில்லாவிட்டால் பணமில்லை, பணமில்லாவிட்டால் கடனை அடைக்க வழியில்லை.

அந்த நிலையில் ஒருவருக்கு இருந்த வழிகள் சிலவே. ஒன்று, இரவோடு இரவாகக் கப்பலேறிவிடலாம். கடன்பட்டவர் கடல் கடந்து மறைவது அக்காலத் துறைமுகங்களில் புதுமையன்று. சிங்கப்பூரில் அப்போது முறையான நீதிமன்றம்கூட அமையவில்லை. பிடித்து வருவார் யாருமில்லை. பினாங்குக்கோ தமிழகத்துக்கோ போய்த் தலைமறைவாகியிருந்தால் கடன் கொடுத்தவர்கள் சில நாள் ஏசிவிட்டு மறந்திருப்பார்கள்.

நாராயண பிள்ளை போகவில்லை. கடன் கொடுத்த பிரிட்டிஷ் வணிகர்களைத் தேடிச் சென்றார். கடனை மறுக்கவும் இல்லை, தள்ளுபடி செய்யும்படி கேட்கவும் இல்லை. கால அவகாசம் மட்டும் கேட்டார்.

கடன் கொடுத்தவர்களின் பக்கமிருந்தும் இதைப் பார்க்கலாம். உடனே பணத்தை வைக்கச் சொல்லி நெருக்கினால் அவர்களுக்குக் கிடைப்பது சாம்பல்தான். பொறுத்திருந்தால், இந்த ஊரின் சந்தையை அறிந்த ஒரு வணிகர் மறுபடியும் எழுந்து முழுத் தொகையையும் திருப்பித் தரக்கூடும். ஆனால், பொறுத்திருக்கும் காலத்தில் அவர் ஓடிவிட்டால் எல்லாம் போயிற்று. ஆக, அவர்கள் எடைபோட வேண்டியிருந்தது சரக்கையன்று, மனிதரை. எரிந்த கடையின் முன் நிற்கும் ஒருவரிடம் வேறெந்தப் பிணையமும் இல்லை.

அவ்வாண்டு அக்டோபரில் இராஃபிள்ஸ் மூன்றாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்திருந்தார். நகரத்தைத் திட்டமிட்டு அமைக்கும் வேலையில் அவர் மும்முரமாக இருந்த காலம் அது. ஆற்றின் தென்கரையிலிருந்த சிறு குன்றை வெட்டி, அந்த மண்ணால் சதுப்பு நிலத்தை நிரப்பி, வணிகர்களுக்கென ஒரு சதுக்கத்தை உருவாக்கினார்கள். அதுவே வணிகச் சதுக்கம். கடைவீடுகள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும், முகப்பில் நடைபாதைக்கு இடம் விட வேண்டும் என்ற விதிகளும் அப்போதுதான் வந்தன. நாராயண பிள்ளையின் நிலையை அறிந்த இராஃபிள்ஸ், அவருக்கு வணிகச் சதுக்கத்தில் நிலம் ஒதுக்கினார்.

இது வெறும் இரக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. புதிய நகரத்துக்குக் கட்டடங்கள் வேண்டும், வணிகர்கள் வேண்டும். இரண்டையும் தரக்கூடிய ஒருவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் நட்டம் ஊருக்குத்தான். நாராயண பிள்ளை அந்த நிலத்தில் புதிய கிடங்குகளை எழுப்பினார். வணிகம் மீண்டும் தளிர்த்தது. சில ஆண்டுகளில் பழைய செல்வாக்குத் திரும்பியது. தமிழர்களிடையே தலைவர் என்ற மதிப்பும் சேர்ந்தது.

அந்த மதிப்பு அரசாங்கத்தின் அங்கீகாரத்தையும் பெற்றது. சோழ மண்டலத்திலிருந்து வந்த இந்தியர்களின் தலைவராக அவரை ஆளுநர் நியமித்தார். தமிழர்களுக்குள் எழும் வழக்குகளை விசாரித்துத் தீர்த்து வைக்கும் அதிகாரம் அவருக்குக் கிடைத்தது. 1824ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரின் மக்கள்தொகை 10,683. அத்தனை பேரும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். கூலி பாக்கி, சரக்குத் தகராறு, கொடுத்த கடன் என்று நாளும் பூசல்கள் எழுந்திருக்கும். தாமே கடனாளியாக நின்ற அனுபவம் உள்ளவர் அந்த இருக்கையில் அமர்ந்தது பொருத்தம்தான்.

நாராயண பிள்ளையின் பெயரை இன்றும் சிங்கப்பூரர்கள் நினைவில் வைத்திருப்பது துணிக்கடைக்காக அன்று, கோயிலுக்காக. இந்துக்கள் கூடி வழிபட ஓரிடம் வேண்டும் என்று அவர் முயன்றார். கம்பெனி முதலில் தெலுக் ஆயர் பகுதியில் நிலம் கொடுத்தது. பூசைக்கு வேண்டிய நன்னீர் அங்கே இல்லை. பிறகு ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய்க்கு அருகில் ஓரிடம் கிடைத்தது. நகரத் திட்டம் அந்த இடத்தைத் தாவரத் தோட்டத்துக்கு என்று எடுத்துக்கொண்டது. மூன்றாவதாக, 1823இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நிலம் முடிவானது. தம் கடன்களைச் சமாளித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அவர் இதற்காகவும் அலைந்திருக்கிறார்.

1827இல் அங்கே மாரியம்மன் கோயில் எழுந்தது. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும்! சிங்கப்பூருக்குச் செங்கல் சுட்டவர் கட்டிய கோயில் ஓலைக் கூரையோடு தொடங்கியது சற்று வியப்பாகத்தான் இருக்கிறது. சின்ன அம்மன் என்று அழைக்கப்படும் சிறிய அம்மன் சிலையை அவரே அங்கு நிறுவினார். இன்று நாம் காணும் செங்கல் கட்டடத்தின் பழைய பகுதிகள் 1843ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.

புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கிய தமிழர்கள், வேலையும் உறவும் கிடைக்கும்வரை அந்தக் கோயிலில் தங்கினார்கள். 1973இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இந்து அறக்கட்டளை வாரியம் இன்று அதை நிர்வகிக்கிறது. ஒருவர் பெயரில் இருந்த துணிக்கடை அவர் காலத்தோடு மறைந்தது. பொதுச் சொத்தான கோயிலோ தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது.

சூளை எரிந்த தஞ்சோங் பகாரும் ஆள் மாறியது. அங்கே 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. அது தனியொருவரின் தொழில் அன்று. பங்குதாரர்கள் பணம் போட்ட நிறுவனம். கப்பல்களைப் பழுதுபார்க்கும் பெரிய துறை ஒன்றைத் தோண்ட எந்தத் தனி வணிகரின் கைப்பணமும் போதாது. அவர்கள் கட்டிய விக்டோரியா கப்பல்துறை 1868இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் வந்து மொய்த்தன. மேற்கே, கெப்பல் பகுதியில் இன்னொரு கப்பல்துறை நிறுவனம் முன்பே இருந்தது. இரண்டும் கட்டணத்திலும் வாடிக்கையிலும் மோதிக்கொண்டு, பிறகு சமாதானம் பேசி, கடைசியில் 1899இல் ஒன்றாக இணைந்தன. போட்டியே இல்லாமல் போன அந்த ஒற்றை நிறுவனத்தை 1905இல் அரசாங்கம் விலை கொடுத்துத் தன் வசம் எடுத்துக்கொண்டது. ஒரு செங்கல் சூளைக்காரரிடம் தொடங்கிய கடலோரத்தின் தொழில் வரலாறு, பங்குதாரர்கள் வழியாக அரசாங்கத்திடம் போய்ச் சேர 86 ஆண்டுகள் ஆயின. அந்தத் துறைகளில் மூட்டை சுமந்தவர்களிலும் கப்பல் பழுது பார்த்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம்.

வணிகச் சதுக்கம் 1858இல் இராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் மாற்றம் பெற்றது. 2019இல், நவீன சிங்கப்பூரின் இருநூறாம் ஆண்டு நினைவாக, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நான்கு புதிய சிலைகள் வைக்கப்பட்டன. சங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, தான் தோக் செங் ஆகியோரோடு நாராயண பிள்ளையும் அங்கே நின்றார். எரிந்த கடைக்குப் பின் அவர் கிடங்குகள் எழுப்பிய இடம், அங்கிருந்து ஆற்றைக் கடந்தால் சில நிமிட நடைத் தூரம்.